மூக்குக்கண்ணாடி போட்ட டிராகன்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் அடங்கவில்லை. என்னைக் கொள்ளையடித்துவிட்டார்கள்.

பதறாதே, பீரோ பத்திரமாக இருக்கிறது. போனது நம் டிராகன். முப்பது வருடத்துக்கு முன்பு என் மானேஜரை டிராகனாக வரைந்து, ஆபீஸ் மெஷினிலேயே திருட்டுத்தனமாக நாற்பது ஜெராக்ஸ் எடுத்து, நீ உட்கார்ந்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுக்க, பஸ் சீட்டிலும் சலூன் பெஞ்சிலும் போட்டுவிட்டு ஓடிவருவேனே, அந்த காமிக்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேச ஆளில்லாமல் ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனேன். மந்திரக் காடு, பறக்கும் கோட்டை, எல்லாம் அழகுதான். நடுவில் ஒரு டிராகன் வந்தது அக்கா, மூக்கு நுனியில் கண்ணாடி! விரலில் எச்சில் தொட்டு, சிப்பாய்களின் லீவு லெட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் நெருப்பைக் கக்குகிறது! "அது என்னோடது!" என்று எழுந்து கத்தினேன். பின்சீட்டுக் குழந்தை, "தாத்தா, உக்காருங்க, மறைக்குது" என்றது. பாதிப் படத்திலேயே வெளிநடப்புச் செய்துவிட்டேன்.

நேரே வக்கீலிடம் போனேன். "புத்தகம் இருக்கா?" என்றார். "ஒண்ணுகூட இல்ல சார், எல்லாத்தையும் குடுத்துட்டேன்." "அதுல உங்க பேராவது போட்டீங்களா?" "போட்டிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும் சார்." அவர் பேனாவை மூடிவிட்டார். சரி, மானேஜரையே சாட்சிக்குப் பிடிப்போம் என்று அவர் வீட்டுக்குப் போய், "அந்த டிராகன் நீங்கதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்" என்று பணிவாகத்தான் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். இதை வரைந்தவன் நான்தான் என்று யாராவது சொன்னால் போதும். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஒரு குரல் இல்லை. பின் அடித்த நீ ஒருத்திதான் சாட்சி, உடனே புறப்பட்டு வா. மாமாவுக்கு வணக்கம், பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
கொள்ளை போன உன் தம்பி

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன், வழக்குக்குக் குறிப்பெடுக்க இன்னொரு தடவை படத்துக்குப் போனேன். இந்த முறை பேர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியில் வந்தது: 'சின்ன வயதில் பஸ் சீட்டில் கிடைத்த ஒரு புத்தகம்தான் எங்களை வரைய வைத்தது. அதில் பேர் இல்லை. வரைந்தவரை இன்னும் தேடுகிறோம். இந்த டிராகன் அவருக்கு எங்கள் வணக்கம்.' பெருக்க வந்தவர், "படம் முடிஞ்சிடுச்சுங்க" என்றார். "அது நான்தாங்க" என்றேன். "சரிங்க, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். காலைத் தூக்கிக்கொண்டே அழுதேன் அக்கா. வழக்கு வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஆனாலும் நீ வா.