வாசல் கேமராவுக்கு ஏழு ரிப்பேர்

காலை ஒன்பது மணி ஆவதற்குள் தோஷ்புலாத்தின் சட்டைப்பையில் இருந்த போன் முப்பத்தோராவது தடவையாகக் கூவியது. கையில் சூடு ஆறாத செங்கல் பன்னிரண்டு. கீழே வைத்தால் மறுபடி குனிந்து எடுக்க வேண்டும். அவருடைய இடுப்பு ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் குனியும் என்று கணக்கு வைத்திருந்தது. ஆனாலும் வைத்தார்.

"வந்துட்டாங்களாண்ணே?" பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த நோர்மத் கேட்டான்.

தோஷ்புலாத் போனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மைனா."

"முன்ன வந்த மைனாவா, வேறயா?"

"எந்த மைனாவா இருந்தா என்னடா. ரொட்டி மூட்டை கொண்டு வரல."

அதற்குள் மேஸ்திரி ஹைதர்குல் வந்துவிட்டார். "தோஷ்புலாத், உன் போன் சத்தமும் நம்ம சாப்பாட்டு மணியும் ஒரே மாதிரி இருக்குய்யா. அந்தக் கடைசி வரிசை ஆளுங்க இன்னைக்கு ரெண்டு தடவை கை கழுவிட்டு வந்து உக்காந்துட்டாங்க."

"இன்னையோட சரி பண்ணிடறேன் மேஸ்திரி."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

அவரும் என்ன செய்வார்? உஸ்பெகிஸ்தானில், இந்த மர்கிலான் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. காலை வேளையில் இரண்டு மூன்று பெண்கள், துணியில் சுற்றிய ரொட்டியோடு வந்து வாசல் கதவைத் தட்டுவார்கள். வீட்டுப் பெரியவர் யாராவது திறந்தால் உள்ளே வந்து உட்காருவார்கள். திறக்காவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். தோஷ்புலாத்தின் மனைவி இறந்து ஐந்து வருடம். வீட்டில் அவரும் மகள் மொஹிதிலும் மட்டும்தான். அவர் விடியும்போதே செங்கல் சூளைக்குப் போய்விடுவார். மொஹிதில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். பகலில் கோழிதான் வீட்டுக்குப் பெரியவர்.

போன வருடம் இரண்டு தடவை ஆள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை வந்தவர்கள் நான்கு வீடு தள்ளிப் போய்த் தேநீர் குடித்தார்கள். அவர்கள் யாருக்காகப் பெண் தேடினார்களோ அந்தப் பையன் இப்போது அந்த வீட்டு மாப்பிள்ளை. போன கோடை முழுக்க மாமனார் வீட்டுக்குத் தர்பூசணியைத் தோளில் வைத்துக்கொண்டு தோஷ்புலாத்தின் வாசல் வழியாகத்தான் போனான். நின்று சலாமும் சொல்லிவிட்டுப் போனான்.

மொஹிதிலுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. இந்தத் தடவை தட்டுகிறவர்களை விடக்கூடாது என்றுதான் வாசலுக்கு மேலே கேமரா. ஆள் வந்தால் போன் கூவும். சூளையிலிருந்து சைக்கிளில் பறந்தால் பன்னிரண்டு நிமிடம். கேமராவை மாட்டிய மிர்ஸோஹித் என்ற பையன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான். மைனாவைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் மிர்ஸோஹித் வந்தான். ஏணியில் ஏறினான், இறங்கினான், போனில் எதையோ தேய்த்தான்.

"மாமா, எவ்வளவு அசைஞ்சா கூவணும்னு ஒரு அளவு இருக்கு. அது உச்சத்துல இருந்துச்சு. குறைச்சுட்டேன். இனி மனுஷன் வந்தாத்தான் கூவும்."

மொஹிதில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "நாளைக்கும் கூவும் பாருங்கப்பா. இவர் கைராசி அப்படி."

பையனுக்குக் காது சிவந்துவிட்டது. "கூவினா வந்து பாக்கறேங்க."

"வரத்தான் வேணும்" என்றாள் அவள்.

தோஷ்புலாத் மகளை முறைத்தார். வீட்டுக்கு வந்த ஆளிடம் இப்படியா பேசுவது. இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த மாமியாரிடம் காலம் தள்ளப் போகிறாளோ என்று கவலை வேறு வந்து சேர்ந்தது.

மறுநாள் மதியத்துக்குள் நாற்பத்தெட்டுத் தடவை கூவியது. எல்லாம் வாசலில் நிற்கும் மல்பெரி மரத்தின் கிளை. பையனை நம்பிப் பயனில்லை என்று தோஷ்புலாத்தே அரிவாளை எடுத்தார். வாசல் பக்கம் நீண்டிருந்த கிளைகளை எல்லாம் வெட்டித் தெருவில் குவித்தார். சூளையில் வேலை பார்த்துவிட்டு வந்து மரம் வெட்டுவது லேசில்லை. ராத்திரி சோறு அள்ளக் கை எழவில்லை. ஆனாலும் வாசல் பளிச்சென்று இருந்தது.

அது பட்டுப்புழு வளர்க்கிற மாதம் என்பதை அவர் மறந்துபோனார். சுற்றியுள்ள நாலைந்து தெரு சேர்ந்த அந்த மஹல்லாவில் பாதி வீட்டில் புழு பசியோடு இருந்தது. விடிந்ததும் கூடை, சாக்கு, தள்ளுவண்டி என்று சனம் திரண்டுவிட்டது. இலை தீர்ந்த பிறகும், "வேற கிளை எப்போ வெட்டுவார்?" என்று கேட்டுவிட்டுப் போக வந்தார்கள். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு. எல்லாருமே மனுஷர்கள் என்பதால் கேமராவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. முதல் இருபதுக்குள் மூன்று தடவை சைக்கிளில் போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மிர்ஸோஹித் வந்து போனில் வாசலைச் சுற்றி ஒரு கோடு போட்டான். "இந்தக் கோட்டுக்குள்ள காலை வச்சாத்தான் கூவும் மாமா. தெருவுல கல்யாண ஊர்வலமே போனாலும் கண்டுக்காது."

"கோடு நிக்குமா?" என்று கேட்டாள் மொஹிதில்.

"நான் போட்ட வரைக்கும் நிக்கும்."

"பாக்கலாம்."

கோடு நிற்கவில்லை. கோழி வந்தது, கோழியின் நிழல் வந்தது, மே மாதத்துப் பாப்ளர் மரத்துப் பஞ்சு வெள்ளை வெள்ளையாகப் பறந்து வந்து ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகக் கூவ வைத்தது. அவர் கோழிகளை அடைத்தார். சேவலுக்குக் கோபம் வந்து நாளெல்லாம் கூரையில் ஏறி இறங்கியது. அதுவும் கூவியது, போனும் கூவியது.

நாலாவது ரிப்பேரில் மிர்ஸோஹித் ஒரு புது வித்தை காட்டிக் கொடுத்தான். சூளையிலிருந்தே போனில் பேசினால் வாசல் கேமராவில் சத்தம் கேட்கும். "கோழின்னா அதட்டுங்க, ஓடிடும். விருந்தாளின்னா 'இருங்க, வந்துட்டேன்'னு சொல்லுங்க. ஓட வேண்டியதே இல்ல."

இது தோஷ்புலாத்துக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை போன் கூவியது. வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் வெள்ளையாக, உருண்டையாக ஏதோ ஒன்று குனிந்து வாசற்படியில் ஏறியது. வெள்ளைக் கோழி அடைப்பிலிருந்து தப்பிவிட்டது என்று முடிவு செய்து, முழுத் தொண்டையில் அதட்டினார்.

"போ, வெளிய போ. திருட்டுக் கழுதை. இன்னொரு தடவை இந்தப் பக்கம் பாத்தேன், இறக்கையை ஒடிச்சு அடுப்புல போட்டுருவேன்."

உருண்டை நிமிர்ந்தது. வெள்ளைச் சால்வை போர்த்திய பக்கத்து வீட்டு ஸோபிரா. கையில் ஒரு தட்டு, தட்டில் புதினா வைத்த சம்சா.

நோர்மத் மெல்லக் கேட்டான். "கோழியாண்ணே?"

தோஷ்புலாத் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

மஹல்லாவில் பெண் கேட்டு வருகிற யாராக இருந்தாலும் முதலில் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள். அவருடைய பக்கத்து வீடு ஸோபிரா. வேலை முடிந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல் போய் அவள் வாசலில் நின்றார்.

"வாங்க" என்றாள் ஸோபிரா. "இறக்கை ரெண்டும் முழுசா இருக்கு, பாத்துக்கங்க."

"கோழின்னு நெனச்சுட்டேன் ஸோபிரா."

"அம்பது வருஷமா என்னை எது எதுவோ சொல்லியிருக்காங்க. கோழின்னு சொன்னது நீங்கதான்."

"மன்னிச்சுக்கம்மா. பொண்ணு விஷயம். யாராவது வந்து கேட்டா..."

"கேட்டா என்ன சொல்றது? அந்த வீட்டுக்குக் கண்ணும் இருக்கு, வாயும் இருக்கு, வாய் திட்டுதுன்னு சொல்லட்டுமா?" என்று கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன்னால் சம்சாவை மட்டும் கையில் கொடுத்தாள்.

அப்புறமும் மிர்ஸோஹித் மூன்று தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும், "சரியாயிடுச்சு மாமா" என்றான். ஒவ்வொரு தடவையும் மொஹிதில் தேநீரை வைத்துவிட்டு, "போன தடவையும் இதேதான் சொன்னீங்க" என்றாள். ஒவ்வொரு மறுநாளும் சூளையில் கடைசி வரிசை ஆட்கள் கை கழுவப் போனார்கள். ஏழாவது ரிப்பேருக்குப் பிறகு மேஸ்திரி ஹைதர்குல் ஒரு தகர டப்பாவைக் காட்டி, "நாளையிலிருந்து போன் இதுக்குள்ள. சாயங்காலம் எடுத்துக்க" என்றார்.

டப்பாவுக்குள் போன் போனால், தட்டுகிறவர்கள் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு கோடை, இன்னொரு தர்பூசணி.

"இன்னும் ஒரு நாள் மேஸ்திரி. ஒரே ஒரு நாள். ஒரு தடவைக்கு மேல கூவிச்சுன்னா நானே போட்டுடறேன்."

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவர் பையனைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்து யோசித்தார். மைனா மேலே. பஞ்சு மேலே. கிளை மேலே. பெண் கேட்டு வருகிறவர்கள் வானத்தில் பறந்து வரப்போவதில்லை. காலைத் தூக்கி வாசற்படியில் வைத்துத்தான் ஆகவேண்டும். கேமராவைக் கழற்றி, முழங்கால் உயரத்தில், படிக்கு நேராக ஆணியடித்து மாட்டினார். ஆடாமலிருக்க ஒரு செங்கலை அண்டை கொடுத்தார். முப்பது வருடமாகச் செங்கல் தூக்கியதற்கு அன்றைக்குத்தான் தன் வீட்டுக்கு ஒரு செங்கல் உதவியது என்று தோன்றியது.

மொஹிதில் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே கூவாதுப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுது."

வியாழக்கிழமை. ஏழு மணி, சத்தமில்லை. எட்டு, சத்தமில்லை. ஒன்பதுக்கு தோஷ்புலாத் போனை எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. நோர்மத் வந்து காதை வைத்துக் கேட்டான். கடைசி வரிசைக்காரர்கள் பசியோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பையன் பண்ணினதாண்ணே?"

"அவனா? ஏழு தடவை வந்து ஏணியைத் தேய்ச்சுட்டுப் போனான். இது நான் பண்ணினது." ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொன்னார். அவருடைய நடையே மாறியிருந்தது. இடுப்பு வலியைக் காணவில்லை.

பத்து மணிக்கு ஒரே ஒரு தடவை கூவியது.

படத்தில் தலைகள் இல்லை. மூன்று ஜோடிக் கால்கள். பளபளக்கிற பட்டுக் காற்சட்டை ஓரம். ஒரு கையும், அதில் தொங்கும் பூப்போட்ட துணி மூட்டையும். சூளையே சுற்றி நின்று குனிந்தது.

"செருப்பப் பாரு, மூணும் புதுசு."

"மூட்டை வட்டமா இருக்கு. ரொட்டியேதான்."

"அந்த நடுக்கால் மாமியார்க் கால்டா. நிக்கற நிலையே தெரியல?"

தோஷ்புலாத் போனை வாயருகே கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "இருங்கம்மா. தயவுசெஞ்சு இருங்க. வந்துட்டேன்."

கால்கள் நின்றன.

சைக்கிளை நோக்கி ஓடியவரை மேஸ்திரி ஹைதர்குல் கையைப் பிடித்து நிறுத்தினார். "சைக்கிள்ல போய் எப்போ சேர்றது? ஏறுய்யா." தானே டிராக்டரைக் கிளப்பினார். பின்னால் பாதி ஏற்றிய செங்கலோடு, டிராக்டர் மஹல்லாவுக்குள் தடதடவென்று நுழைந்தது. நான்கு வீடு தள்ளி அந்த மாமனார் வாசலில் நின்றிருந்தார். தோஷ்புலாத் டிராக்டரின் மேலிருந்தே அவருக்கு சலாம் சொன்னார்.

வாசலில் மூன்று பெண்களும் நின்றிருந்தார்கள். போகாமல் பிடித்து வைத்திருந்தவள் ஸோபிரா.

"இந்த வீட்டு ஒழுங்கு வேற எங்கயும் பாக்க முடியாது" என்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு கோழி அனுமதி இல்லாம உள்ள போக முடியாது. நானே போக முடியலன்னா பாத்துக்கங்க."

புருவம் வரைக்கும் செங்கல் தூசியோடு தோஷ்புலாத் கதவைத் திறந்தார். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே விரிப்புப் போட்டு, உலர்ந்த திராட்சை, பாதாம், தேநீர்க் கிண்ணம் எல்லாம் வரிசையாக இருந்தன. சமையலறையில் மொஹிதில் தெரிந்தாள்.

"நீ வேலைக்குப் போகலயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தலைவலிப்பா."

நல்ல நாளாகப் பார்த்து வந்த தலைவலி என்று மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டு, வந்து விருந்தாளிகள் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் உட்கார்ந்த அம்மாவுக்குப் பச்சைத் துப்பட்டா, அமைதியான முகம். சேதியை அவர்கள் தொடங்குவதற்குள் பதற்றத்தில் இவரே தொடங்கிவிட்டார்.

"உங்களை நிக்க வச்சுட்டேன், மன்னிக்கணும். ஆனா நீங்க வந்தது அந்த நொடியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. இன்னைக்கு ஒரே தடவைதான் கூவிச்சு, அதுவும் உங்களுக்குத்தான். கேமரா மாட்டினானே ஒரு பையன், உதவாக்கரை, ஏழு தடவை வந்தான். தேநீரா குடிச்சான். ஒரு மைனாவைக்கூட அவனால நிறுத்த முடியல. இப்படி ஒரு பையனைப் பெத்தவங்க எப்படித்தான் சமாளிக்கறாங்களோ. கடைசியில நான் ஒரே ஒரு செங்கல்ல முடிச்சேன்."

மற்ற இரண்டு பெண்களும் விரிப்பைப் பார்த்தார்கள். சமையலறையில் ஒரு கிண்ணம் விழுந்து உருண்டது. பச்சைத் துப்பட்டா அம்மா பொறுமையாக மூட்டையை அவிழ்த்து, இரண்டு ரொட்டியையும் விரிப்பின் நடுவில் வைத்தாள்.

"அவனைப் பெத்தவ நான்தாங்க. ஏழு தடவையும் அவன் சரியாத்தான் வச்சுட்டு வந்திருக்கான். நீங்க சூளைக்குக் கிளம்பின அடுத்த நிமிஷமே இந்த வீட்டு இன்னொரு போன்லேர்ந்து யாரோ அதைப் பழையபடி உச்சத்துல ஏத்தி விட்டிருக்காங்க, அந்தக் கையை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."