பெரிய டாக்டரின் கலவை

“அந்த ஊசியில என்ன கலந்திருக்கீங்க சார்? எழுதி ஒட்டிக் குடுங்க.”

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் புது நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், மயக்க மருந்து கொடுக்கும் பெரிய டாக்டரின் கலவையை மட்டும் கேட்காதே. கண்ணை மரத்துப்போக வைக்கும் மருந்தோடு இன்னும் ஏதேதோ சேரும். முப்பது வருஷமாகக் கையில் பேப்பரோடு பக்கத்து அறைக்குள் போவார், கதவைச் சாத்துவார், ஊசியோடு வெளியே வருவார்.

“பட்டதாரியம்மா, இது கைராசி. காலேஜ்ல சொல்லித் தரமாட்டாங்க.”

“அலர்ஜி வந்தா கைராசியால வந்துச்சுன்னா எழுதுறது?”

கண் ஆபரேஷனுக்காக மேஜையில் படுத்திருந்தவர் அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மகள் வேலை செய்யும் இடம் என்று நம்பி வந்தவர்.

“சும்மா இரும்மா, பெரியவங்கள போய்...” என்று முனகினார்.

ஊசி போட்டாயிற்று. பத்து நிமிஷத்தில் கண் அசைவற்று நிற்க வேண்டும். அதுவோ டிக்கெட் எடுக்காதவனைத் தேடுவதுபோல் மூலைக்கு மூலை போய்வந்தது.

“டாக்டர், உங்க மாஸ்க் இறங்கிடுச்சு” என்று அந்தக் கண்ணாலேயே பார்த்துச் சொன்னார் அப்பா.

பெரிய டாக்டர் அறைக்குள் ஓடினார். இரண்டாவது ஊசியில் இமை பந்தாக உப்பியது. கண் மட்டும் நிற்கவில்லை.

“மருந்தைப் பரப்புற பொடியைச் சேர்த்தீங்களா சார்?”

“எனக்கே பாடமா?” வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கை நரம்பில் தூக்க மருந்தை ஏற்றினார்.

அப்பா தூங்கினார். குறட்டையும் விட்டார். ஒவ்வொரு குறட்டைக்கும் தலை துள்ளியது.

“நான் வெட்டுறது கண்ணையா, காதையா?” ஆபரேஷன் செய்யக் காத்திருந்த கண் டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

“உள்ள போங்க, உள்ள போங்க! படிக்கட்டுல நிக்காதீங்க!” தூக்கத்திலேயே அப்பா கையை வீச, தட்டும் கத்தரிக்கோலும் தரையில் உருண்டன.

“இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது!” என்றார் கண் டாக்டர்.

அவள் அப்பாவைத் தள்ளுவண்டிக்கு மாற்றி, வாசலை நோக்கித் தள்ளினாள். சத்தம் போட்டு ஒரு பயனும் இல்லை என்று முடிவு கட்டியாயிற்று.

“எங்க போற?” என்றார் பெரிய டாக்டர்.

“முழிச்சதும் அப்பாவை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ராஜினாமா சாயங்காலம் வரும். அதுல என்னென்ன கலந்திருக்குன்னு ஒண்ணு விடாம எழுதியிருப்பேன்.”

கதவைத் திறந்தால், பஸ்ஸைத் தவறவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார் தியேட்டர் உதவியாளர். அவள் நிற்காமல் அவரைக் கடந்து போனாள்.

“அடக் கடவுளே, ஆரம்பிச்சிட்டீங்களா?” முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. “இன்னிக்கு மருந்து யாரு சார் கலந்தது? முப்பது வருஷமா நான் கலப்பேன், நீங்க பேப்பர்தானே படிப்பீங்க!”