ராட்டினத்துக்குப் பக்கத்து அறை

"அதுல ஏறியிருக்கீங்களா?"

பெண் பார்க்கப் போன அன்று, திருநின்றவூர் வீட்டு மொட்டைமாடியில் ஜெயப்பிரியா கேட்ட முதல் கேள்வி அது. தூரத்துப் பொருட்காட்சி மைதானத்தில் ஒரு ராட்சத ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. தனியாகப் பேசிவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் இருவரையும் மேலே அனுப்பியிருந்தார்கள். ஹேமநாதனுக்கு அந்த மொட்டைமாடியே அதிகப்படியான உயரம். கைப்பிடிச் சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னான்.

"அதுவா? அது சின்னப் பசங்க ஏறுறதுங்க. எனக்கெல்லாம் இன்னும் பெருசா வேணும்."

"அவ்வளவு பிடிக்குமா?"

"உயிர்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். அதுவரை எந்தப் பெண்ணும் ஹேமநாதனை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு பொய் சொல்லவும் தயாராக இருந்தான்.

மூன்று வருடம் கழித்து, செம்பரம்பாக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய ஹோட்டலில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். கல்யாண நாள் பரிசாக ஜெயப்பிரியாவே தன் சம்பளத்தில் அறை எடுத்திருந்தாள். முந்தின நாள் இருட்டும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

அறை என்னவோ சொர்க்கம்தான். கள்ளிக்குப்பம் வீட்டில் அவர்கள் படுக்கையறைக் கதவு சரியாகச் சாத்தாது. சாத்தினாலும் அம்மா இஸ்திரிப் பெட்டி எடுக்க வருவாள், அண்ணன் மோகன் சார்ஜர் தேடி வருவான். இங்கே யாரும் தட்டவில்லை. ஜெயப்பிரியா கட்டிலின் குறுக்கே குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டே டிவி பார்த்தாள். அவளுக்குக் கால் ஆட்டும் பழக்கம் உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

காலையில் ஜன்னல் திரையை விலக்காமல் இருந்திருக்கலாம். ஏரி தெரியும் அறை என்று சொல்லியிருந்தார்கள். ஏரி தெரிந்தது. ஏரிக்கு முன்னால் இரும்புத் தண்டவாளம் ஒன்று வானத்தில் மலைப்பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டித்தொடர் அதன் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் திரும்பி, கீழே விழுந்தது. ஒரு கூச்சல் இல்லை. ஒரு தலைகூடத் தெரியவில்லை. பயத்தில் எல்லோருக்கும் தொண்டை அடைத்துவிட்டது, உள்ளே சுருண்டு கிடக்கிறார்கள் என்று ஹேமநாதன் முடிவு செய்தான். நேராகக் குளியலறைக்கு ஓடியவன்தான்.

"என்னங்க, உள்ளயே குடி போயிட்டீங்களா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "முதுகு பிடிச்சுக்கிச்சு பிரியா. நிமிரவே முடியல."

"அய்யோ. அப்ப எங்கயும் போக வேணாம், பேசாமப் படுங்க" என்றாள் உடனே. பிழைத்தோம் என்று அவன் படுத்தான். ஆனால் அவள் அக்கறை அதோடு நிற்கவில்லை. கீழே போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு மசாஜ் செய்யும் ராகேஷ் வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நின்ற அவன் தோள்களைப் பார்த்ததுமே ஹேமநாதனின் முதுகு குணமாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை. ராகேஷ் முழங்கையை முதுகில் ஊன்றினான். காலையில் அந்த வண்டித்தொடரில் போனவர்கள் போடாத கூச்சலையும் சேர்த்து ஹேமநாதன் போட்டான்.

"முடிஞ்சுது சார். இனிமே நீங்க மாடு மாதிரி ஓடலாம்."

ஓடுகிற முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வயிற்றைப் பிடித்தான். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல போல. புரட்டுது."

"அப்ப டிபனுக்கு வராதீங்க. கஞ்சி கொண்டுவரச் சொல்றேன்."

கஞ்சி வந்தது. உப்பில்லை. ஜெயப்பிரியா தனியாகக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

"என்ன இருந்துச்சு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"ஆப்பம், தேங்காப்பால், நெய் ரோஸ்ட். வெண்பொங்கல்ல முந்திரி தேட வேண்டியதே இல்ல." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தனியாச் சாப்பிடப் பிடிக்கல. நீங்க இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்தக் குரல் அவனை உலுக்கிவிட்டது. ஆசை ஆசையாக இவ்வளவு தூரம் வந்தவள் நோயாளிக்குக் காவல் இருக்கிறாள். பயத்தோடு இப்போது குற்ற உணர்ச்சியும் சேர்ந்தது, பசியும் சேர்ந்தது. நோயாளியாக நடித்ததுதான் தப்பு என்று தோன்றியது. அதிகமாகத் துணிந்தவனாக நடித்தால் அவளே பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

எழுந்து நின்றான். "கிளம்பு பிரியா. அந்தப் பெரிய வண்டியில ரெண்டு தடவை போறோம். முதல் சீட்டு."

அவள் முகம் வெளுத்தது. "வயிறு?"

"சரியாயிடுச்சு."

"முதுகு?"

"ராகேஷ் கை வெச்சப்பவே பறந்துடுச்சு."

"வெயில் கொளுத்துதுங்க."

"மேல போனா காத்து வரும்." அவள் மடங்கப்போகிறாள் என்று நம்பி, கடைசி அடியையும் போட்டான். "உனக்குப் பயமா இருந்தா சொல்லு, விட்டுடலாம்."

ஜெயப்பிரியா உதட்டைக் கடித்தாள். "பயமெல்லாம் இல்ல. நீங்க ஆசைப்படறீங்க. வாங்க."

வாசலில் பேட்டரி வண்டியோடு கஜபதி நின்றிருந்தார். முந்தின நாள் பெட்டிகளை ஏற்றி வந்தவரும் அவர்தான்.

"எங்க சார்?"

"பார்க்குக்கு."

கஜபதி திரும்பி ஜெயப்பிரியாவைப் பார்த்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பார்க்குக்கா? மெய்யாலுமா?"

"மெய்யாத்தான்."

"குந்துங்க. நான் இன்னாத்த சொல்றது."

ஓட்டுகிறவரே பரிதாபப்படுகிறார் என்றால் போனவர்கள் என்ன கதியில் திரும்பியிருப்பார்கள்? வண்டி நகர்ந்தது. செம்பருத்தி வேலி தாண்டியதும் அந்த இரும்பு நெருங்க நெருங்க வளர்ந்தது. ஹேமநாதன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உச்சியில் மயங்கி விழுந்தால், மொட்டைமாடியில் அண்ணாந்து பார்த்த அந்தக் கண்கள் இனி எப்படிப் பார்க்கும்? இவ்வளவு நாள் ஒரு கோழையோடா குடும்பம் நடத்தினோம் என்று கேட்குமா? பக்கத்தில் இருந்த அவள் கையைப் பிடித்தான். அதுவும் சில்லிட்டிருந்தது. கஜபதி வண்டியை உருட்டிக்கொண்டு போவது போல மெதுவாக ஓட்டினார். இருந்தும் ஒரு திருப்பத்தில் பெரிய நுழைவாயில் வளைவு தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்க."

வண்டி நின்றது.

"பிரியா, எனக்கு இதெல்லாம் பயம். ரயில்ல மேல் பர்த்கூடப் பயம். அன்னிக்கு மாடியில சொன்னது பொய். கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லணும்னு நினைச்சு நினைச்சு முழுங்கிட்டேன்." அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான். "உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பார்க் வேணாம். ரெண்டு நாளும் நாம ரெண்டு பேரும் அந்த ரூம்லயே இருந்துட்டுப் போயிடலாமா?"

ஜெயப்பிரியா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் பதறும்போது, கஜபதி பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பினார்.

"நீயே கேட்டுட்ட நைனா, நான் தப்பிச்சேன். ரிப்பேர்னு பார்க்கை மூடி ஒரு வாரமாவுது, வெறும் வண்டியத்தான் ஓட்டிப் பாத்துகினு கீறாங்கோ. நேத்து வந்து எறங்குனதுமே ஒன் ஊட்டம்மா என்னாண்ட கையெடுத்துக் கும்பிட்டாங்கோ, 'பார்க் இல்லேன்னு தெரிஞ்சா இவர் உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாருண்ணே, நாங்க கெளம்புற வரைக்கும் சொல்லிடாதீங்க'ன்னு."