பல் பிரஷ்ஷுக்கு நாலு தட்டு

மூன்று மாதம் ஹாலந்தில் தனியாக இருந்தே தீருவது என்று பிச்சுமணி முடிவு செய்தார். தனியாக என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில், அவர்கள் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சனிக்கிழமை விடிந்தால் மகள் ஹம்சாவுக்கு நீச்சல், தமிழ் வகுப்பு, பரதம். மூன்றுக்கும் டிரைவர் அவர்தான்.

அவரும் மனைவி விசாலாக்ஷியும் வேலை பார்ப்பது ஒரே மருந்துக் கம்பெனியில். அதன் டச்சுக் கிளைக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள். வீடியோவில் டச்சு வார்த்தைகளைச் சரியாகப் படித்துக் காட்டினால் போதும்.

டச்சுக்காரர்களோ இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்கிவிடுகிறார்கள். எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்று தெரியாமல் பிச்சுமணிக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. வார்த்தைகளை அட்டையில் எழுதி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"டூத்பிரஷ்ஷுக்கு என்ன, சொல்லுங்கோ?"

"டான். டன். போர். ஸ்டல்." பிச்சுமணி தன் தொடையில் நாலு அறை அறைந்தார், நாலும் ஒரே பலம்.

"பல்லுக்கு டான்டன், பிரஷ்ஷுக்கு போர்ஸ்டல். முதல் வார்த்தையிலதான் அழுத்தணும்னு உங்க கார்டுலயே இருக்கே. ஆதி தாளம் மாதிரி ட்ரை பண்ணுங்கோ. முதல்ல ஒரு தட்டு, அப்புறம் மூணு விரல் லேசா எண்ணிண்டு போகணும். டான்டன்போர்ஸ்டல்."

கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பாட்டு கிளாஸ் வேற, டச்சு வேற. நீ கார்டை மட்டும் காட்டு, விசாலம்."

காட்டினாள். மூன்று வாரம், ஒரு நாள் விடாமல். நடுநடுவே சந்தேகம் மட்டும் கேட்பாள்.

"பெட்ரூமுக்கு ஸ்லாப்காமர்னா, ஸ்லாப்னா தூக்கமா? அதான் அங்க பிரிக்கறாளா?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? ஒருத்தர்தான் போக முடியும்."

தேர்வில் பிச்சுமணி நாலு அறையையும் மேஜைமேல் பிசகாமல் அறைந்தார். மேஜை அதிர்ந்து கேமரா கவிழ்ந்தது. மறுவாரம் முடிவு வந்தது. அவர் பெயர் இல்லை. விசாலாக்ஷியின் பெயர் இருந்தது.

"நீ எப்போ அப்ளை பண்ணினே?"

"ஒருத்தர்தான் போக முடியும்னு சொன்னேளே, அன்னிக்கு."

ரப்பர் பேண்ட் போட்ட புது அட்டைக் கட்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள். டிபன் பாக்ஸ், ஹோம்வொர்க், லாண்டரி, சாம்பார்.

"சனிக்கிழமை உங்களுக்கு அத்துப்படி. இது மத்த ஆறு நாளுக்கு. மனப்பாடம் பண்ணிக்கோங்கோ, ஹம்சா கேள்வி கேப்பா."