கால்மிதி உபயம்: நாச்சாத்தாள்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன. ஆரோக்கியம் இல்லாதவை செத்துப்போயிருந்தன. ஆகவே அங்கே ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் காட்டில் நாச்சாத்தாள் என்கிற முள்ளம்பன்றி தன் வீட்டுக்காரன் ஒண்டிமுத்துவோடு ஒரு பாறையடி வளையில் குடியிருந்தாள். ஒருநாள் கிழங்கு தோண்டப்போன ஒண்டிமுத்துவின் காலில் மூங்கில் சிராய் ஒன்று ஆழமாக ஏறிவிட்டது. உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு திரிகிறவனுக்குக் காலில் முள் குத்திவிட்டதாம் என்று காடே சிரித்தது. நாச்சாத்தாளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். கால் சுரைக்காய் மாதிரி வீங்கி, அவன் தண்ணீர்கூட வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவள் வைத்தியத்துக்கு ஆள் தேடினாள்.

சிராயை எடுக்கத் தெரிந்தவர் ஆற்றுக்கு அக்கரையில் தனியாக வைத்தியம் பார்த்துவந்த கரடி டாக்டர் ஒருவர்தான். நோயாளியின் நாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஒரு குடம் தேனைப் பார்த்தாக வேண்டும். மரம் ஏறத் தெரியாத நாச்சாத்தாள் தேனுக்கு எங்கே போவாள்? இன்னும் நாள் கடத்தினால் காலோடு ஆளும் போய்விடுவான் என்று டாக்டர் அக்கரையிலிருந்தே சொல்லியனுப்பினார். இதைச் சொன்னதற்கு அவர் தேன் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து சிங்க ராஜாவுக்குப் பல்வலி வந்தது. உடனே அவருக்குப் பொதுநல எண்ணமும் வந்தது. எல்லோரையும் கூட்டி, "அவரவர் தேடுவதில் பத்துக்கு ஒன்று வரியாகக் கொடுங்கள். ஆஸ்பத்திரி கட்டி, கரடியை இங்கேயே சம்பளத்துக்கு வைத்துக்கொள்வோம். யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் இலவசம்" என்றார்.

கூட்டம் கொஞ்ச நேரம் இலவசம் என்ற சொல்லை ரசித்தது. பிறகு வரி என்ற சொல் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"எனக்குக் காய்ச்சலே வந்ததில்லைங்க. வராத காய்ச்சலுக்கு நான் எதுக்குக் கெழங்கு குடுக்கோணும்?" என்றான் சென்னியப்பன். அவன் காட்டுப்பன்றி, கிழங்குக்காடு பாதிக்கு மேல் அவன் கையில் இருந்தது.

"பத்துக்கு ஒண்ணா? பகல்கொள்ளை!" என்று கத்தியது குரங்கு. பகலில் கொள்ளையடிப்பதைப் பற்றி அதற்குத் தெரிந்த அளவு அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு மான் தயங்கித் தயங்கிக் கேட்டது: "மகாராசா கடிச்சாலும் வைத்தியம் உண்டுங்களா?"

சிங்கம் மந்திரி நரியைப் பார்த்தது. "அது ஏற்கெனவே இருக்கிற வியாதி. அதற்குக் கிடையாது" என்றது நரி.

நாச்சாத்தாள் எழுந்து நின்றாள். "ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா எங்க வீட்டுக்காரரு பொழச்சுக்குவாருங்க" என்றாள். எல்லோருக்கும் கண் கலங்கியது. வரிக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்று நரி சொன்னபோது, கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கை ஒழியவில்லை.

அன்று சாயங்காலமே சென்னியப்பன் ஒரு கூடை நிறையக் கிழங்கோடு அவள் வளைக்கு வந்தான். பின்னாலேயே காகமும் வந்து மரத்தில் உட்கார்ந்தது. யார் யாருக்கு என்ன கொடுத்தாலும் காகம் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி பெயர் சொல்வது அந்தக் காட்டின் வழக்கம். "ஏழைப் பங்காளர், கிழங்குக்காட்டுச் செம்மல், சென்னியப்பன் அவர்கள்!" என்று அது கத்தியது. பின்வரிசையில் கேட்டிருக்காது என்று சென்னியப்பன் இன்னொரு தடவை கத்தச் சொன்னான்.

கூடையைப் பார்த்த நாச்சாத்தாளுக்குக் கோபம் ஒரு பக்கம், ஆச்சரியம் ஒரு பக்கம். "ஏனுங்ணா, இது ஒரு வருசத்து வரிய விட ஜாஸ்தியா இருக்குமாட்ட இருக்குதே?"

"இருந்துட்டுப் போவுது அம்முணி. வரி குடுத்தா காக்கா பேரு சொல்லுமா?"

கரடி கிழங்கு வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பதிலை நாச்சாத்தாள் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் விடியாததுமாக ராஜாவின் குகைக்குப் போய், "மகாராசா, வரின்னு சொல்லாதீங்க. உபயம்னு சொல்லுங்க. குடுக்கறவங்க பேரைப் பெருசா எழுதறோம்னு சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான். பத்துக்கு ஒன்று கொடுக்க மறுத்த காடு பாதிக்குப் பாதி அள்ளிக் கொடுத்தது. சென்னியப்பன் கட்டில் மெத்தை கொடுத்தான். விரிப்பின் நட்டநடுவில் அவன் பெயர். குரங்கு மின்விசிறி கொடுத்தது. ஓடினால் இறக்கையில் எழுதிய பெயரை வாசிக்க முடியவில்லை என்பதால் அதை யாரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. மான்கள் ஜன்னல் கொடுத்தன. கண்ணாடி முழுக்கப் பரம்பரையின் பெயர்களை எழுதியதில் வெளிச்சம் உள்ளே வரவில்லை. டாக்டர் சம்பளத்துக்குத்தான் ஆள் கிடைக்காமல் இருந்தது, சம்பளத்தின் மேல் பெயர் எழுத இடமில்லையே. கடைசியில் டாக்டரின் வெள்ளைக் கோட்டு முதுகில் 'உபயம்: யானைக் குடும்பத்தார்' என்று எழுதிச் சமாளித்தார்கள்.

நாச்சாத்தாளும் தன் பங்குக்குக் கோரைப்புல்லில் ஒரு கால்மிதி பின்னிக் கொடுத்தாள். 'உபயம்: நாச்சாத்தாள் – ஒண்டிமுத்து' என்று ஓரத்தில் சின்னதாக எழுதி வாசலில் போட்டார்கள்.

திறப்பு விழா அன்று ஒண்டிமுத்துவைப் பனைமட்டையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவனுக்குப் பேச்சு நின்றிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மாலையோடு நின்ற சென்னியப்பன் பதறிப்போனான்.

"ஐயோ அம்முணி, இதுல வேண்டாம்! முள்ளு குத்தி மெத்தை கிழிஞ்சு போயிரும். பேரு வேற நடுவுலதான் இருக்குது."

அடுத்த கட்டிலின் உபயதாரர், புதுக் கட்டிலில் முதல் முதலாகச் சீக்காளி படுப்பது ராசியில்லை என்றார். அதற்கடுத்தவர் படமெடுக்கும்வரை பொறுக்கச் சொன்னார். கரடி டாக்டர் கையைப் பிசைந்தார். "நோயாளி உபயதாரர் சம்மதத்தோட எதுலயாவது படுத்தாத்தான் நான் தொட முடியும். சட்டம் அப்படி."

நாச்சாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போதுதான் வாசல் கண்ணில் பட்டது.

"கால்மிதி எங்களுதுங்க டாக்டர்" என்றாள்.

ஒண்டிமுத்துவை வாசலில் கால்மிதிமேல் கிடத்தினார்கள். டாக்டர் உட்கார்ந்து ஒரே இழுப்பில் சிராயைப் பிடுங்கினார். பேச்சில்லாமல் கிடந்தவன் வீறிட்டான். உடம்பிலிருந்த அத்தனை முள்ளும் சிலிர்த்து நின்றது. நாச்சாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதே நேரம், தன் கட்டிலைக் காட்ட வெளியே போய் விருந்தாளிகளைக் கூட்டி வந்த சென்னியப்பன் வாசலுக்கு வந்துசேர்ந்தான். பேச்சு சுவாரசியத்தில் கீழே பார்க்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் கால் துடைக்காமல் போகக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். நன்றாக அழுத்தித் துடைத்தான். பின்னால் வந்த குரங்கு நிற்க நினைத்தது. வரிசை தள்ளியதில் அதுவும் துடைத்தது. அதற்குப் பின்னால் மான்கள். எல்லோர் காலிலும் ஒண்டிமுத்துவின் முள்.

"எல்லாரும் அவங்கவங்க கட்டில்ல படுங்க" என்றார் டாக்டர்.

முள் தைத்த காலைத் தூக்கிக்கொண்டு சென்னியப்பன் தன் மெத்தையைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. "இதுலயா? ரத்தம் பட்டுருமே" என்று முனகினான். மற்றவர்களும் அவரவர் மெத்தையை அப்படித்தான் பார்த்தார்கள். கடைசியில் நொண்டிக்கொண்டு வாசலுக்கே வந்தான்.

"அம்முணி, உங்க கால்மிதியக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

நாச்சாத்தாள் புருஷனை மெதுவாக ஓரமாக நகர்த்தினாள். "படுங்ணா. பத்துக்கு ஒண்ணு."

"என்னது?"

"தோண்டறதுல பத்துக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு. வருசா வருசம்."

"பேரு?"

"பேரெல்லாம் கெடையாதுங்ணா."

சென்னியப்பன் ஒரு தடவை காலைப் பார்த்தான். "ரெண்டா வெச்சுக்க அம்முணி. கொஞ்சம் வெரசாப் புடுங்கச் சொல்லு!"

அன்று வரிசையில் நின்ற எல்லோரும் வரிக்குச் சம்மதித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் காட்டில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் இலவசம், கால்மிதியில். கட்டில்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன. ஒண்டிமுத்துவின் கால் ஆறி அவன் பழையபடி கிழங்கு தோண்டுகிறான். வரி கட்டுகிற மாதத்தில் மட்டும் வந்து ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கொள்ளும்படி ராஜா உத்தரவு போட்டிருக்கிறார். அதற்குச் சம்பளம் தனி.

நீதி: எல்லோருக்கும் இலவச வைத்தியம் வேண்டுமென்று ஊரைக் கூட்டிப் பேசாதீர்கள், வாசலில் ஒரு முள்ளம்பன்றியைப் படுக்கவையுங்கள்.