எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி

தன் பிள்ளை சராசரி என்று நம்பும் தகப்பன் மயிலாப்பூர் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. நான் மந்தைவெளி. இருந்தாலும் எல்லை தாண்டி அந்த வியாதி எனக்கும் வந்திருந்தது.

என் மகள் யாழினி அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் கணித மேதை என்பதற்கு என்னிடம் வலுவான ஆதாரம் இருந்தது. லஸ் சிக்னலில் பைக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாற்பதிலிருந்து தலைகீழாக, ஒரு எண் பிசகாமல் சொல்வாள். (சிக்னலிலேயே அந்த எண்கள் ஓடுகின்றன என்று பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சுதா சொன்னாள். மேதைகளுக்கு வீட்டில்தான் மதிப்பில்லை.)

அவள் வகுப்பில் எல்லா விதப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பக்கத்தில் உட்காரும் நஸ்ரீன், திருவல்லிக்கேணியிலிருந்து வரும் பெண், கணக்கைப் படித்து முடிக்கும் முன்பே விடை சொல்வாள். யாழினி "எப்டிடி?" என்று கேட்பாள். அவள் விளக்குவாள். இவள் மறுபடியும் "அதான் எப்டி?" என்பாள். விளக்கும்போதே நஸ்ரீன் சில சமயம் தன் தப்பைக் கண்டுபிடித்துவிட, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். வகுப்பாசிரியை ரெஜினா மிஸ் இதைச் சந்தோஷமாகச் சொன்னார். நான் கவலையாகக் கேட்டுக்கொண்டேன். கணக்கு வகுப்பில் சிரிப்பா?

இந்த நிலையில்தான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வேக வகுப்புப் பேச்சு கிளம்பியது. கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, வேகமாகக் கணக்கு நடத்த வேண்டும். கோரிக்கைக்குத் தலைமை தாங்கியவன், பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் எட்டைத் தாண்டியிராத நான்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்: "மேடம், எக்ஸ்பிரஸ் வண்டிய எல்லா ஸ்டேஷன்லயும் நிறுத்தினா, அது எப்ப போய்ச் சேரும்?"

கைதட்டல். தேனாம்பேட்டை ஆபீஸில் எட்டு வருடமாக எனக்குக் கிடைக்காத கைதட்டல்.

ரெஜினா மிஸ் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "யாரு எந்த ஸ்டேஷன்ல ஏறுவாங்கன்னு இந்த வயசுல தெரியாது சார்."

"ஏறாதவங்களுக்கு அடுத்த வண்டி வரும் மிஸ்" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை வீடுவரை சுமந்து வந்தேன்.

பள்ளி ஒரு தேர்வு வைத்தது. "ஈஸியாத்தான்பா இருந்துச்சு" என்றாள் யாழினி. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. மகள் வேக வகுப்புக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

வேக வகுப்பு தொடங்கிய திங்கட்கிழமை, பெற்றோரும் வரலாம் என்றார்கள். கையில் மைசூர்பாகு டப்பாவோடு வாசலிலேயே நின்றேன். பிரேயர் முடிந்தது. வேக வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக மாடிப்படி ஏறினார்கள். நஸ்ரீன் பாதிப் படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாழினி கீழேயே நின்றாள்.

மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தேன். "மிஸ், யாழினிய விட்டுட்டாங்க பாருங்க. பராக்கு பாத்துட்டு நிக்கிறா."

ரெஜினா மிஸ் வேகமாக என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ கீழதான் சார்."

"கீழயா?" (நான் தாழ்த்தவில்லை.) "எதுக்கும் இன்னொரு வாட்டி செக் பண்ணிடுங்க மிஸ்."

கூட்டத்தில் எனக்குக் கைதட்டிய தகப்பன்மார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனில் அவசர வேலை வந்தது. அன்று கூட்டத்துக்கு வந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர், அவர் பையனும் கீழேதான், என் தோளைத் தட்டினார்.

"இன்னா சார். வா, நாம அட்த்த வண்டில போலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னார்.

யாழினி என்னிடம் ஓடி வந்தாள். "வெள்ளிக்கிழமையே மிஸ் சொல்லிட்டாங்கப்பா."

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"நீ எல்லாருக்கும் போன் பண்ணிட்டு இருந்தியே. ரொம்ப சந்தோஷமா இருந்த" என்றவள், என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "இத இப்ப யாருக்குக் குடுக்கிறது?"

இரண்டு மாதம் கழித்து, வீட்டுப்பாடம் செய்யாமல் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டபோது, "எனக்குக் கணக்கு வராதுப்பா. நான் கீழ் கிளாஸ்" என்றாள். அழவில்லை. எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்பது போல, ஒரு தகவலாகச் சொன்னாள். "எப்டி?" என்று கேட்க அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எதற்கு "எப்டி" என்று கேட்டாலும் சலிக்காமல் சொல்லும் பொறுமை எனக்கும் இல்லை. பிள்ளைகளைப் பழையபடி சேர்த்துவிடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். "நீங்க கேட்டுத்தானே சார் பிரிச்சோம்" என்றார். நஸ்ரீன் மேலே நன்றாகத்தான் படித்தாள். ஆனால் முன்னைப்போலச் சிரிப்பதில்லை என்று அவள் அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் சொன்னார்.

என் தங்கை வீடு வேளச்சேரியில். இன்றும் நாங்கள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால், பெயர்தான் பறக்கும் ரயில், ஒரு ஸ்டேஷன் விடாமல் நிற்கும். கிரீன்வேஸ் ரோட்டில் நின்றதுமே யாழினி ஆரம்பிப்பாள்: "அப்பா, இறங்கிப் போய்க் கேளு, ஏன் நிறுத்தினாங்கன்னு." கோட்டூர்புரத்தில் சுதா சேர்ந்துகொள்வாள். வேளச்சேரிவரை ஓயாது. அவர்கள் சிரிப்பதற்கு முந்தி நானே சிரித்துவிடுவது வழக்கம்.

ஒரே ஒருமுறைதான் அது தவறியது. பிளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத குரூப்பை அவள் எடுத்த அன்று, "கணக்க முயற்சியாவது பண்ணிப் பாத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"அந்த வண்டி நம்ம ஸ்டேஷன்ல நிக்காதுப்பா" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் சிரிப்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.