கல்பாசியும் காதர் பாயின் மூக்கும்

அரைகுறையாக ரசாயனம் படித்தவன் வீட்டில் இருந்தால் அடுப்படியைப் பூட்டி வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் பூட்டவில்லை. (நம்பிவிட்டார்கள், பாவம்.)

எழுபதுகளின் தொடக்கம். நான் எம்.எஸ்சி. கடைசி வருடம். எங்கள் பேராசிரியருக்குக் கல்பாசி மேல் பைத்தியம்.

"பூக்காது, காய்க்காது, வேரும் கிடையாது. அதனால எவனும் சீண்டுறதில்ல. புண்ணுக்குப் பொடி தூவுறாங்க, தலைவலிக்குப் புகை போடுறாங்க. உள்ள என்ன இருக்குன்னு யாராவது பார்த்தீங்களாடா?"

நான் பார்க்கிறேன் என்று கை தூக்கினேன். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் அந்தக் கறுப்புச் சருகு, காரைக்குடியில் கறிக்குழம்பு வைக்கிற எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். எங்கள் வீட்டில் அரைக் கிலோவே இருந்தது. தங்கை ஜமீலாவின் கல்யாணத்துக்காக அத்தா வாங்கி வைத்தது.

டப்பாவோடு கல்லூரிக்குத் தூக்கிப் போய், ஈதர் என்ற ரசாயனத் திரவத்தில் இரண்டு நாள் ஊறவைத்தேன். வடித்து ஆவியாக்கியதும் அடியில் வெளிறிய பொடி கொஞ்சம் நின்றது. மாலை போட வருகிறவர்களுக்கு எந்தச் சட்டையில் கழுத்தை நீட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். சக்கையைக் காயவைத்துப் பார்த்தால் அசல் கல்பாசி போலவே இருந்தது. திரும்ப டப்பாவில் கொட்டி வைத்துவிட்டேன். எதையும் வீணாக்கவில்லை என்று பெருமை வேறு.

கல்யாணத்தன்று பிரியாணிக்குப் பண்டாரி காதர் பாய். அவர் சமையல் என்றால் கூப்பிடாதவர்களும் வருவார்கள். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கை கல்பாசி போட்டுக் குனிந்து மோந்தார். இன்னொரு கை. மறுபடி மோந்தார். பாதி டப்பா காலியானதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தாவிடம் வந்தார்.

"அண்ணே, வேற ஆளப் பாருங்க. எனக்கு மூக்கு போயிருச்சு."

ஒக்கூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்குப் பந்தி. அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்நேரத்துல இப்படிச் சொன்னா எப்புடி? சளியா இருக்கும்."

"சளி இல்லண்ணே. முப்பது வருசமா இந்த மூக்குதான் எனக்குச் சோறு போட்டுச்சு."

காதர் பாய் துண்டால் கண்ணைத் துடைத்தார். தூணுக்குப் பின்னால் நின்றே தப்பித்துவிடலாம் என்றிருந்த எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"மாமு, ஒங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு. கல்பாசியிலதான் சாரம் இல்ல. நான் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"பாட்டில்ல வச்சிருக்கேன்."

"கொண்டா, சட்டியில போட்டுருவோம்."

"அதைத் திங்கக் கூடாது மாமு."

"அப்ப இந்தச் சக்கை?"

"அதையும் கீழ கொட்டிருங்க."

காதர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுத்ததையும் திங்க முடியாது, விட்டதையும் திங்க முடியாது. இதுக்குத்தானா தம்பி அஞ்சு வருசமா காலேசுக்குப் போனீக?"

எண்ணெயைக் கொட்டினார்கள். நான் சைக்கிளில் கடைவீதிக்குப் பறந்தேன். புதுக் கல்பாசி எண்ணெயில் விழுந்ததும் காதர் பாய் கண்ணை மூடி மோந்து, போன உயிர் வந்தவர் போலச் சிரித்தார். பந்தி போட நாலு மணி ஆனது. ஒக்கூர்க்காரர்கள் பசியோடு காரணம் கேட்டார்கள். அத்தா மறைக்காமல் சொன்னார். பிறகு என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை.

அந்தப் பொடியா? அத்தா பிறப்பதற்கு முன்பே வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்து, பெயரும் வைத்து முடித்த சரக்கு என்று பேராசிரியர் ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

ஜமீலாவுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஒக்கூருக்கு விருந்துக்குப் போனால், என்னைக் கண்டதும் அவள் வீட்டுக்காரர் பிரியாணிச் சட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா? சரி, இனிமே மச்சானைச் சட்டிக்கிட்ட விடுங்க."